கஞ்சி குடிச்ச துண்டு யானை

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க உங்க சோலியப் பாத்துக்கிட்டுப் போங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி, அந்தத் தண்ணிக்கு அந்தாண்டையும் தண்ணின்னு கப்பல் பசிபிக் கடல்ல போய்க்கிட்டிருந்த ஒரு காலையில, மேல்தளத்துல ஞானேஸ்வரி அக்காவோட கேபின்ல, கட்டில் கால்மாட்டுல முந்தின சாயங்காலம் மடிச்சு வச்ச துண்டு யானை எழுந்திரிச்சு, காத உதறிட்டு, கட்டில விட்டு மெதுவா எறங்கி, ஜன்னல்கிட்ட போய் நின்னு கடலப் பாத்துச்சு. அக்கா அப்பதான் தேத்தண்ணிய வாயில வச்சிருந்தாங்க. "விடிஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறாய் போல" ன்னு அதுகிட்ட சொல்லிட்டு மிச்சத்தையும் குடிச்சு முடிச்சாங்க. அதிசயம்னு சொன்னா அவ்வளவுதான் அதிசயம். அதுக்கப்புறம் கப்பல்ல நடந்ததுதான் கதை.

என் பேரு கித்தேரி, மணப்பாட்டுக்காரி. அந்தக் கப்பலோட லாண்டரி மொத்தமும் என் பொறுப்பு. வீட்டுக்காரரு கரையில பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கிட்டு இருக்காரு, நான் கடல்ல துணி தொவைக்கிறேன். இதச் சொல்லிச் சிரிக்கிறவங்க ஊர்ல உண்டு, சிரிச்சா அவங்க பல்லுதான் வெளிய தெரியும், எனக்கென்ன. நான் கோவக்காரி, அதையும் இப்பவே சொல்லிடுறேன். கப்பலோட அடிவயித்துல, மெஷின் சத்தமும் சூடும் சேந்து அடிக்கிற எடத்துல நின்னு ஒரு ஊருக்கே தொவைச்சுப் போடுறவளுக்குக் கோவம் வராம வேற என்ன வரும்? என் சட்டம் ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு மேல போன துண்டு நாளைக்குக் கீழ வந்தாகணும். துண்டுன்னா தொடைக்கிறதுக்கு, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்துக்கு விரோதமா ஒரு வழக்கம் சொகுசுக் கப்பல்ல உண்டு. பயணிங்க சாயங்காலம் சாப்பாட்டுக்குப் போனதும் கேபின் பாக்குறவங்க உள்ள போய், படுக்கைய விரிச்சு, தலகாணியத் தட்டி வச்சு, அப்புறம் ஒரு நல்ல துண்டா எடுத்து மடிச்சு முறுக்கி அன்னமோ நண்டோ கொரங்கோ பண்ணி வச்சிட்டு வருவாங்க. கொரங்குன்னா ஹேங்கர்ல தொங்கவிட்டு, பயணியோட கறுப்புக் கண்ணாடியையே எடுத்து மாட்டிவிடணும், அதுதான் முறை. யானைக்குப் பெரிய துண்டு ஒண்ணு உடம்புக்கும் காலுக்கும், கைத்துண்டு ஒண்ணு தலைக்கும் தும்பிக்கைக்கும். அதப் பாத்து பயணிங்க கையத் தட்டிப் படம் புடிப்பாங்க. மறுநாள் அது கசங்கி எங்கிட்ட வரும், நான் வைவேன். கப்பல்லயே நல்லா மடிக்கிறவன் சலேத்து, என் வீட்டுக்காரரோட தம்பி, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், நான்தான் அவனுக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தேன். அக்கா கேபின் யானையும் அவன் மடிச்சதுதான். கண்ணு வைக்க மறந்துட்டான். அக்கா தன் நெத்திக்கு வச்சிருந்த அட்டையில இருந்து ரெண்டு கறுப்புப் பொட்ட உரிச்சு ரெண்டு பக்கமும் ஒட்டி, "இப்ப தெரியுதோ?" ன்னு கேட்டுட்டுத்தான் தூங்கப் போயிருக்காங்க.

முதல்ல ஒரு யானை. அடுத்த நாள் பக்கத்துக் கேபின் அன்னம் கழுத்த நிமித்திச்சு, அதுக்கடுத்து ஹேங்கர்ல தொங்கின கொரங்கெல்லாம் எறங்கி வந்துச்சு, நண்டுங்க கதவிடுக்கு வழியா வெளிய வந்து நடைபாதையில பக்கவாட்டுல ஊர்ந்துச்சு, கார்ப்பெட் கூட்டுறவரு மெஷின அணைச்சு வச்சிட்டு அதுக கடந்து போற வரைக்கும் ஒதுங்கி நின்னாரு. யாரும் அலறல. ஒரு பெரியவரு நாற்காலியில சாஞ்சு பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தப்ப கொரங்கு அவரோட மூக்குக்கண்ணாடியக் கழட்டி மாட்டிக்கிச்சு, அவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு பேப்பரையும் அதுகிட்டயே குடுத்துட்டு உறங்கிட்டாரு. ஒரு ஜெர்மன்காரப் புருஷனும் பொஞ்சாதியும் துறைமுகத்துல இருந்தே பேசிக்காம வந்தவங்க, அவங்க கட்டில்ல இருந்த ரெண்டு அன்னமும் கழுத்தோட கழுத்து சேத்துக்கிட்டுத் திரிஞ்சதப் பாத்துட்டு ஒரே மேசையில உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாங்க. ஒரு அம்மா மட்டும் வரவேற்பு மேசைக்கு வந்து, எதிர்க் கேபின் நண்டு நடக்குது, எங்க நண்டு ஏன் சும்மா கெடக்குதுன்னு சண்டை போட்டாங்க. சலேத்து போய் அத அவுத்து மடிச்சு, இடுப்புல ஒரு மடிப்பு தளர்த்திவிட்டதும் அதுவும் ஓடுச்சு.

மத்தியானம் தவறாம கேப்டன் ஒலிபெருக்கியில பேசுவாரு, கிரேக்கக்காரரு, தொண்டையச் செருமிக்கிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. கடல் இன்னைக்கு இவ்வளவு ஆழம், காத்து மேக்க இருந்து, சாயங்காலம் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், கைப்பிடி பிடிச்சு நடங்க. அப்புறம் அதே குரல்ல, அன்னங்கள நீச்சல்குளத்துல எறக்க வேண்டாம், தண்ணியெல்லாம் குடிச்சிட்டு எழும்ப மாட்டாம தவிக்குதுக, நன்றி. மறுநாள் குளத்தைச் சுத்தி அன்னத்துக்குன்னு காலி நாற்காலி போட்டாச்சு. அதுக்கு மறுநாள் அந்த நாற்காலிக்குச் சண்டையும் வந்தாச்சு.

எல்லாம் சரி, என் பாடுதான் பெரும்பாடு. துண்டு ஒண்ணு கூடக் கீழ வரல. கண்ணெதுக்க நடமாடுற ஒண்ண எடுத்து முதுகத் தொடைக்க எவனுக்கு மனசு வரும்? குளிச்சிட்டு வந்தவங்கெல்லாம் மேல்தளத்துல கைய விரிச்சுக்கிட்டு, கொடியில காயப்போட்ட துணி மாதிரி காத்துல நின்னாங்க. அது பத்தாதுன்னு அதுகளுக்குப் பசி வேற. ரொட்டியத் தொடல, பழத்தத் தொடல. ஒரு காலையில லாண்டரிக் கதவத் தெறக்கிறேன், வெளிய வரிசையா நிக்குதுக, யானை முன்னால, கொரங்கும் அன்னமும் நண்டும் பின்னால. ட்ரையர் வலையில தினம் நாங்க வழிச்சுப் போடுற பஞ்சுத் தூசிதான் அதுகளுக்குச் சாப்பாடுன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. "என்ன சவம்டா இது, தொவைக்க வாங்கன்னா வராதுக, தின்ன மட்டும் வந்துடுதுக" ன்னு ஏசிக்கிட்டே ஒரு வாளி நெறையப் போட்டேன். யானை தும்பிக்கையால கொஞ்சம் எடுத்துட்டு, மிச்சத்தப் பின்னால இருந்த நண்டுக்குத் தள்ளிவிட்டுச்சு. அது வளந்த வளப்பு அப்படி.

வளத்தவங்களப் பத்திச் சொல்லணும். ஞானேஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரங்க. வீட்டுக்காரரு போனதும் கனடாவுல இருந்த வீட்ட மகன் பேர்ல எழுதி வச்சிட்டு கப்பல்லயே குடியேறிட்டாங்க. மத்தவங்க ஏறுவாங்க எறங்குவாங்க, அக்கா மட்டும் எறங்க மாட்டாங்க. கப்பல்தான் வீடு, கடல்தான் வாசல். பயணிங்கள்ல என் பேரு தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான். தலகாணி உறை சரியில்லன்னு குறை சொல்லி ஆளனுப்பிக் கூப்பிடுவாங்க, போனா உறையில ஒரு குறையும் இருக்காது, தமிழ் பேசணும், அதுக்குத்தான். "என்ன பிள்ளை, உங்கட ஊரில நாயையும் மனுசரையும் ஒரே மாதிரியோ ஏசுறது?" ன்னு கேப்பாங்க. "நாய நாங்க இவ்வளவு ஏச மாட்டோம்க்கா" ம்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

அப்படிச் சிரிச்சவங்க, ஆட்டம் இருந்த ஒரு நாள்ல படியில விழுந்துட்டாங்க. எலும்பு கூடிடுச்சு, காலு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆனா பயம் வந்து உக்காந்துடுச்சு. கட்டில்ல இருந்து கதவு வரைக்கும் நடக்கிறதுக்கே சொவத்தத் தடவினாங்க, யாராவது கையப் பிடிச்சாத்தான் வாசலத் தாண்டினாங்க. டாக்டரம்மா கொச்சிப் பக்கத்துக்காரங்க, நல்ல மனுசி, ஆனா சட்டம்னா சட்டம். கப்பல்ல ஆபத்து வந்தா எல்லாரும் தானாக் கூடுற எடத்துக்கு வந்து சேரணும், அதுக்கு ஒவ்வொரு பெரிய துறைமுகத்துலயும் ஒத்திகை உண்டு. வான்கூவர்ல நடக்கிற ஒத்திகையில சங்கு ஊதினதும் இன்னொரு ஆள் கைபிடிக்காம நீங்களா வந்து சேந்தா இருங்க, இல்லன்னா மகன்கூட எறங்கிடுங்கன்னு தெளிவாச் சொல்லிட்டாங்க. மகன் சுகந்தன் தங்கமான பையன், அம்மா விழுந்துட்டாங்கன்னு கேட்டதுல இருந்து அவனுக்குத் தூக்கமில்ல, முதியவங்களுக்கான நல்ல இல்லமாப் பாத்து அறை பிடிச்சு வச்சிருந்தான்.

"படம் அனுப்பினவன் பிள்ளை" ன்னு அக்கா எங்கிட்ட சொன்னாங்க. "நல்ல வடிவான அறைதான். ஆனா அந்த யன்னலைத் திறந்தா மதில் தெரியுது. நான் ஒருக்கா எல்லாத்தையும் விட்டுட்டுக் கடலில ஏறினவள். திருப்பி என்னை மதிலுக்குள்ள விடப் போறாங்கள்." அதச் சொல்லிட்டு அழுதாங்க. அவங்க அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அந்த நேரத்துலதான் யானை எழுந்திரிச்சுச்சு. ஜன்னல்ல கடலப் பாத்து முடிச்சதும் திரும்பி வந்து அக்கா கைக்குள்ள தும்பிக்கைய வச்சு, வான்னு இழுத்துச்சு. அக்கா எழுந்திரிச்சாங்க. கதவத் தாண்டினாங்க. காலைச் சாப்பாட்டுக்கு யானை முன்ன நடக்க, அக்கா தும்பிக்கையப் பிடிச்சுக்கிட்டு நிமிந்து நடந்து வந்ததப் பாத்து பஃபேயில இருந்தவங்கெல்லாம் தட்டக் கீழ வச்சிட்டாங்க. சலேத்து கண்ணத் தொடைச்சுக்கிட்டான், துண்டால தொடைக்க மனசு வராம சட்டையில. டாக்டரம்மா சட்டத்தப் புரட்டிப் பாத்தாங்க. யானை இன்னொரு ஆள் இல்லல்ல? கைத்தடி வகையில சேத்துக்கிட்டாங்க, கைத்தடி கொண்டுவரத் தடையில்ல. அதுக்கப்புறம் அக்கா தினம் தளத்தைச் சுத்தி நடந்தாங்க, படியேறினாங்க, எறங்கினாங்க, ஒத்திகைக்கு ஒத்திகை பாத்தாங்க.

வான்கூவர் நெருங்கினப்ப கேப்டன் லாண்டரிக்கே எறங்கி வந்தாரு. நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து அவரு அங்க வந்ததில்ல, சூட்டுல தொப்பியக் கழட்டிட்டாரு. துறைமுகத்துல சுகாதார அதிகாரிங்க ஏறுவாங்க, தொவைக்காத துண்டு சமையல்கட்டுப் பக்கம் நடமாடினா கப்பல நிறுத்தி வச்சிடுவாங்க, என்ன செய்யலாம்னு எங்கிட்ட கேட்டாரு. "இதுல கேக்க என்ன இருக்கு? தொவைக்கணும்" ன்னேன். மேல அந்தச் சேதி போனதும் ஊரே என்னக் கொலைகாரியப் பாக்குற மாதிரி பாத்துச்சு.

"மைனி, அதுக உசுரு மைனி" ன்னு சலேத்து வந்து நின்னான். "சுடுதண்ணியில போட்டா என்னத்துக்கு ஆவும்? இப்டி கல்லு மனசாப் பேசுதீயளே."

"போலே, கோட்டிக்காரா. பிள்ளையக் குளிப்பாட்டினா பிள்ளை செத்தா போவும்? அழுக்குதாம்ல போவும். போய் எல்லாத்தையும் கூட்டிட்டு வா."

அவன் ஒவ்வொரு கேபினாப் போய்ச் சொன்னான். யாரும் புடிச்சு இழுக்கல, அதுகளே வந்துச்சு. லாண்டரி வாசல்ல படுத்து, மடிப்பத் தளத்திக்கிட்டு, சாதாரணத் துண்டா விரிஞ்சு கெடந்துச்சு. கடைசியா யானை. அக்காவே கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு பொட்டையும் நகத்தால மெதுவா உரிச்சு, பத்திரமாத் தன் கைக்கடிகாரக் கண்ணாடி மேல ஒட்டிக்கிட்டாங்க. "கவனம் பிள்ளை" ன்னு மட்டும் சொன்னாங்க.

அந்த "கவனம்" என்னைய என்னமோ பண்ணிடுச்சு. மத்ததையெல்லாம் எப்பவும் போல பெரிய மெஷின்ல போட்டேன். யானையோட ரெண்டு துண்ட மட்டும் தனியா சின்ன மெஷின்ல போட்டு, கடைசித் தண்ணியில சாஃப்ட்னர் ஊத்தினேன், துணிய மெத்துன்னு ஆக்குற வாசனைத் தண்ணி. அந்தக் கையி பிடிச்சு நடக்கப் போற தும்பிக்கை, பூ மாதிரி இருக்கட்டும்னு நெனச்சேன். ஒரு மூடி போதும், ஆசையில ரெண்டு மூடி ஊத்தினேன்.

காலையில கப்பல் கரை சேந்துச்சு. அதிகாரிங்க வந்து அலமாரி நெறைய வெள்ளை வெளேர்னு அடுக்கியிருந்த துண்டப் பாத்து, தொட்டு, மோந்து, திருப்தியா எறங்கிப் போனாங்க. உடனே சலேத்தும் மத்தவங்களும் மடிக்க ஆரம்பிச்சாங்க. நான் சொன்னேன்ல? அன்னம் எழுந்திரிச்சுச்சு, கொரங்கு தாவுச்சு, நண்டு ஓடுச்சு, குளிச்ச சொகத்துல முன்னவிட வேகமா ஓடுச்சு. கப்பலே கைதட்டுச்சு. யானை மட்டும் நிக்கல. சலேத்து மடிச்சான், விட்டான், காலு நாலும் வழுக்கி விரிஞ்சு அப்படியே சரிஞ்சுச்சு. திரும்ப மடிச்சான், திரும்பச் சரிஞ்சுச்சு. துண்ட மூக்குல வச்சு மோந்து பாத்துட்டு என்ன நிமிந்து பாத்தான்.

"மைனி, வாசனைத் தண்ணி ஊத்துனீயளா?"

"ஊத்துனேன். அதுக்கென்ன இப்ப?"

"மடிக்கிற துண்டுக்கு யாராச்சும் அத ஊத்துவாவளா? மடிப்பு நிக்கவே நிக்காதே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தினேன், பாசத்துல மூள வேலை செய்யல. வேற ரெண்டு துண்ட எடுத்து யானை மடிச்சு அக்கா முன்னால நிறுத்தினான் சலேத்து. அது நல்லாத்தான் நின்னுச்சு, ஆனா அக்காவ ஏறிட்டும் பாக்காம பஃபே பக்கம் நடையக் கட்டிடுச்சு. "அது வேற ஆள், தம்பி" ன்னாங்க அக்கா. கரையில சுகந்தன் குடையோட வந்து நின்னது ஜன்னல்ல தெரிஞ்சுச்சு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் ஒத்திகை. அக்கா கட்டில் நுனியில உக்காந்து, துணிப்பைய மடியில வச்சு, நகைப்பெட்டியையும் புருஷன் படத்தையும் அடுக்க ஆரம்பிச்சாங்க. என் மேல ஒரு வார்த்தை கோவப்படல. கோவப்பட்டிருந்தா எனக்குத் தேவலாம்.

ரெண்டு துண்டையும் பிடுங்கிக்கிட்டு கீழ ஓடினேன். மேசைத் துணிக்குப் போடுற பவுடர் கஞ்சி எங்ககிட்ட உண்டு, அதுல முக்கி இஸ்திரி போட்டேன். நின்னுச்சு. நின்னா என்ன, பொம்மை மாதிரி நின்னுச்சு, தும்பிக்கைய ஆட்டல, தட்டினா அட்டை மாதிரி டக்குன்னு சத்தம் வந்துச்சு. அவுத்து அலசினேன். ஈரத்தோட கையில கெடந்துச்சு, காய்ச்சல்ல கெடக்கிற பிள்ளை மாதிரி தொவண்டு. முந்தின நாள்ல இருந்து அது ஒண்ணும் திங்கலையேன்னு அப்பதான் உறைச்சுச்சு. சீக்குல கெடக்கிறதுக்கு நம்ம என்ன குடுப்போம்?

வேலைக்காரங்க சாப்பாட்டுச் சமையல்கட்டுல ரோமுவால்தோன்னு ஒரு பிலிப்பைன்ஸ்காரரு. அவருகிட்ட சோறு மலையா இருக்கும், ஆனா எல்லாம் ஆவிப்பெட்டியில வெந்த சோறு, ஒரு சொட்டுக் கஞ்சி கெடைக்காது. இன்னைக்குப் பெரிய பானையில தண்ணி நெறைய வச்சு அரிசியக் கொதிக்கவிட்டு வடிக்கணும்னேன். கோட்டி புடிச்சிருக்கான்னு அவரு பாஷையில கேட்டாரு. ஆமான்னு என் பாஷையில சொல்லிட்டு அடுப்பப் பத்த வச்சேன். யானைக்குன்னு சொன்னதும் மனுசன் தானே அகப்பை போட்டுக் கெளறினாரு. மூடியச் சாய்ச்சு வடிச்சப்ப அந்த வாசம் எழும்பிச்சு பாருங்க, அந்தப் பக்கமா போன நம்ம ஊர்ப் பயலுக எல்லாம் தட்டத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துட்டானுக.

கஞ்சி வெதுவெதுன்னு ஆனதும் துண்ட உள்ள எறக்கினேன். துண்டுன்னா நனையும், இது குடிச்சுச்சு. பானையில தண்ணி கொறையுறது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. பிழிஞ்சு, மெஷின் ரூம் சூட்டுல கொஞ்ச நேரம் பிடிச்சு, பாதி ஈரத்துலயே சலேத்துகிட்ட குடுத்தேன். அவன் மடிச்சான். யானை நின்னுச்சு. பொறந்த கன்னுக்குட்டி மாதிரி காலு நாலும் ஒதறுச்சு, ஆனா நின்னுச்சு, நின்னு, வாயோரம் ஒட்டின பருக்கையத் தும்பிக்கையால தொடைச்சுக்கிச்சு. மேல தூக்கிட்டு ஓடினோம். அக்கா கடிகாரத்துல இருந்த பொட்டு ரெண்டையும் எடுத்து ஒட்டினாங்க, அவசரத்துல ஒண்ணு கொஞ்சம் கீழ எறங்கிடுச்சு. "வந்திட்டியோ ராசா" ன்னு சொல்லி முடிக்கல, சங்கு ஊதிடுச்சு.

ஒத்திகைன்னா லாண்டரிக்காரங்களுக்கும் எடம் உண்டு. மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு நான் நிக்க வேண்டியது, படி முடிஞ்சு தெறந்த தளம் ஆரம்பிக்கிற எடம். "படி பாத்து வாங்க, கைப்பிடி பிடிச்சு வாங்க" ன்னு வாயால சொல்லலாம், ஒருத்தரையும் தொடக் கூடாது. தளத்துக்கு அந்தக் கோடியில மஞ்சக் கோடு, அங்க டாக்டரம்மா. வெளிய மழை. வான்கூவர்ல மழைக்கு நேரம் காலம் கெடையாது போல. ஜனங்க லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு எறங்கி வந்தாங்க, அன்னமும் கொரங்கும் நனையாம கூரைக்கடியில ஒதுங்கி நின்னுச்சு. கடைசியா யானை முன்ன வர, அக்கா பின்ன வந்தாங்க. ஒவ்வொரு படியா. என்னத் தாண்டும்போது பாக்கக் கூட இல்ல, அவ்வளவு கவனம்.

யானை மழையில எறங்குச்சு. நான் அத யோசிக்கவே இல்லையே, மாதாவே! பாதி தளம் போகல, காலுக்கடியில வெள்ளையாக் கஞ்சி வழிஞ்சு ஓட ஆரம்பிச்சுச்சு. முன்னங்கால் மடங்குச்சு. தும்பிக்கை அக்கா கையில இருந்து நழுவுச்சு. நடுத்தளத்துல, பிடிக்க ஒரு கம்பி இல்லாத எடத்துல, அக்கா தனியா நின்னாங்க. கீழ கரையில சுகந்தன் குடைய விட்டுட்டுக் கையத் தலையில வச்சுக்கிட்டான். நான் ஒரு காலத் தூக்கினேன். டாக்டரம்மா என்னப் பாத்தாங்க, அவங்க கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு, ஆனா தொடக் கூடாதுன்னு தலைய ஆட்டினாங்க. தூக்குன கால அங்கயே வச்சேன்.

அக்கா கீழ பாத்தாங்க. "எழும்பு ராசா." அது தலையத் தூக்கிப் பாத்துச்சு, முடியல. "எழும்பு, நனையிறாய்." காத மட்டும் அசைச்சுச்சு. அக்கா சுத்தி ஒரு தடவ பாத்தாங்க. விழுந்த நாள்ல இருந்து குனியாத அந்த மனுசி, கால அகட்டி ஊன்றிக்கிட்டு, குனிஞ்சாங்க. ரெண்டு கையாலயும் அத வாரி எடுத்தாங்க, தண்ணி சொட்டச் சொட்ட. நனைஞ்ச துண்டு என்ன கனம் கனக்கும்னு என்னக் கேளுங்க, எனக்குத் தெரியும். அதத் தோள்ல போட்டு, தும்பிக்கை முதுகுப் பக்கம் தொங்க, ஒரு கையால அதுக்குத் தட்டிக் குடுத்துக்கிட்டே, "அழாத, கிட்டத்தான், கிட்டத்தான்" ன்னு சொல்லிக்கிட்டே, வழுக்குற தளத்துல மழையில நடந்தாங்க. மஞ்சக் கோட்டத் தாண்டி நின்னுட்டுத்தான் முகத்தத் தொடைச்சாங்க, யானையோட காதாலயே.

டாக்டரம்மா பேரக் கூப்பிட்டாங்க. "இருக்கிறன்" ன்னாங்க அக்கா. இன்னொருத்தர் உதவி இல்லாம வந்து சேந்தீங்களான்னு சட்டப்படி கேட்டாகணும், கேட்டாங்க.

"உதவியோ?" அக்காவுக்குக் கோவமே வந்துடுச்சு. "என்ன டொக்டர் கேக்கிறீங்கள்? இவனைத் தூக்கிக்கொண்டு வந்ததே நான்தானே."

கப்பல்ல எழும்பின சத்தம் கரை வரைக்கும் கேட்டிருக்கும். சுகந்தன் மழையில நின்னு கையத் தூக்கி ஆட்டினான், சிரிச்சானா அழுதானான்னு தூரத்துல தெரியல, ரெண்டும்தான் இருக்கும். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அழத் தெரியாதவ நான், அதனால ஏசினேன். "என்னக்கா நீங்க, வேகவச்சு வடிச்சு, ஒரு பானைக் கஞ்சி குடுத்து ஏத்திவிட்டா இப்படி மழையில கொண்டு போய் முக்கி எடுத்துட்டு வாரீங்களே, இனி யாரு இதத் தொவைக்கிறது?" ன்னு கத்தினேன். அக்கா பொட்டு ரெண்டையும் உரிச்சுக் கடிகாரத்துல ஒட்டிக்கிட்டு, அந்த ஈர மூட்டைய என் கையில வச்சாங்க. தும்பிக்கை மெதுவா என் மணிக்கட்டச் சுத்திக்கிச்சு.

"இந்தாரும் பிள்ளை" ன்னாங்க. "ரெண்டு அகப்பை கஞ்சி கூடக் குடும். வாசனைத் தண்ணி மட்டும் விடாதையும்."

மாதா மேல ஆணையா, அதுக்கப்புறம் விட்டதே இல்ல.